அம்மாவுக்கு 74, டை அடிக்கிறார். எனக்கு 48, விட்டுவிட்டேன். வீட்டில் தினமும் பஞ்சாயத்து

டோல்கேட்_ஜன்னல் | ஞாயிறு, காலை 11:20

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள், மூன்று தலை. மூத்த தலை கன்னங்கரேல் என்று இருக்கிறது. நடுத் தலை பாதி வெள்ளை. கடைசித் தலை காசு கொடுத்துச் சாம்பல் நிறம் பூசிக்கொண்டு வந்திருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன். நான் தண்டையார்பேட்டை, டோல்கேட் பக்கம். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் வேலை பார்க்கும் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். போன ஆடியில் டை அடிப்பதை நிறுத்தினேன், எட்டு மாதம் ஆகிறது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பார்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. வகிட்டிலிருந்து நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை, அதற்குக் கீழே பழைய டை வெளுத்துப்போன செம்பட்டை. கொண்டை போட்டால் மேலே தேங்காய்ச் சில்லு, பின்னால் தேங்காய் நார்.

அம்மாவுக்கு இருபது நாளுக்கு ஒருமுறை தவறாமல் பாக்கெட் டை. நான் விட்ட நாளிலிருந்து அவர் என்னோடு நேராகப் பேசுவதில்லை, என் தலையோடுதான் பேசுகிறார். "இன்னாடி இது, மண்டைல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி." போன வாரம் திருவொற்றியூர் தேரடியில் ஒரு நிச்சயதார்த்தம். கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, "நீ இப்படி வந்து என் பக்கத்துல உக்காந்தா என் வயசு இன்னான்னு ஊரே கணக்குப் போடும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. கடைசியில் அவர் ஒரு வரிசையில், நான் ஒரு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மகளுக்கு 22. முன்நெற்றியில் இரண்டு கற்றையை வெளுக்க வைத்து, அதன்மேல் ஆஷ் கிரே. நாலாயிரம் ரூபாய். "எனக்குச் சும்மாவே வருதேடி" என்றேன். "அது வேற ம்மா, இது ஸ்டைல்" என்று போய்விட்டாள்.

நரையை அப்படியே விட்டவர்கள் இங்கே இருக்கிறீர்களா? வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்? ஆபீஸில் நாலு பேர் "தைரியம்தான் மேடம்" என்று பாராட்டினார்கள். வீட்டில் அந்த வார்த்தைக்கே இடமில்லை.

கொருக்குப்பேட்டை_கேட் | 11:34

அம்மா பாயிண்ட்டைப் பிடித்துவிட்டார். மகள் தலை வெளுத்தால் அம்மா குறைந்தது எழுபது. சாதாரணக் கூட்டல்.

(கேட் மூடியிருக்கிறது, கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. இன்னும் நாலு பதில் எழுத நேரமிருக்கும்.)

காசிமேடு_வலை | பிற்பகல் 12:50

எங்கள் வீட்டில் இதற்கு நேர் எதிர்க் கதை, சொல்லியே ஆக வேண்டும்.

என் அத்தை மீன் விற்றவர். விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் துறைமுகத்தில் ஏலத்துக்கு நிற்பார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெரம்பூர்த் தெருக்கள் வரைக்கும் நடை. அவருக்கு முப்பத்தெட்டு வயதிலேயே முன்பக்கம் முழுக்க வெளுத்துவிட்டது. ஐஸ் தண்ணீர் ஒழுகி ஒழுகி, சும்மாட்டுத் துணி அழுத்தி அழுத்தி, அந்த வெள்ளையும் சுத்த வெள்ளையாக இருக்காது. பழைய தந்தம் மாதிரி ஒரு மஞ்சள் பாரித்திருக்கும். ஒரு நாளும் டை வாங்கியதில்லை. தன்னை முதன்முதலில் ஒருவன் "ஆயா" என்று கூப்பிட்ட நாளை, ஏதோ பிரமோஷன் கிடைத்த மாதிரி சொல்வார்.

ஏன் என்றால், ஏலத்தில் வயசுப் பெண் முன்னால் போய் நின்றால் இடிப்பார்கள், ஜாடை பேசுவார்கள். சங்கராவுக்கு விலை கேட்டால் வேறு எதற்கோ விலை சொல்வார்கள். தலை வெளுத்தவள் வந்தால் "ஆயா வருது, வழி உடு" என்று கூட்டம் பிளந்து கொடுக்கும். அவர் திட்டினால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். "தலை வெளுத்தாத்தாண்டி வாய்க்கு லைசென்ஸு" என்பார். ஔவையார் பிள்ளையாரிடம் வேண்டிக் கிழவியான கதை எல்லோருக்கும் தெரியும், அவருக்குக் கல்யாணத்திலிருந்து தப்பிக்க வேண்டியிருந்தது. எங்கள் அத்தைக்கு ஏலத்தில் கூடை எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும்தான் அவர் தலைக்கு எண்ணெய் வைத்து உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்போது 45 நாள், இப்போது ஏப்ரல் 15 முதல் 61 நாள். திண்ணையில் உட்கார்ந்து மயிரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, "எனுக்கு வயசு முப்பத்தெட்டு, மயிருக்கு எழுவது" என்று சிரிப்பார்.

சரி, இவ்வளவு பேசும் நான் என்ன செய்கிறேன்? எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவு. வயது 44. மாதம் ஒருமுறை டை அடித்தே ஆக வேண்டும். எழுதி வைத்த விதி ஒன்றும் கிடையாது. போன வருடம் காது ஓரம் கொஞ்சம் வெளியே தெரிந்தபோது சூப்பர்வைசர், பொடியன், இருபத்தெட்டு வயது இருக்கும், "அக்கா, கஸ்டமர் முன்னாடி கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா இருங்க" என்றான். அடுத்த வாரம் என்னைப் பட்டுப் பிரிவிலிருந்து உள்பாவாடைப் பிரிவுக்கு மாற்றினார்கள். டை அடித்துக்கொண்டு போனதும் திரும்பவும் பட்டு. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-இல் நம் சட்டசபையில் சட்டமே வந்தது. நரைக்கும் உரிமைக்குச் சட்டம் எப்போது வருமோ.

டோல்கேட்_ஜன்னல் | 1:05

உள்பாவாடைப் பிரிவு!! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கொடுங்கையூர்_பார்லர் | 2:40

பத்தொன்பது வருடமாகப் பார்லர் வைத்திருக்கிறேன். என் பிழைப்பே உங்கள் நரைதான், அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

ஆடியில் ஈ ஓட்டுவேன். ஆவணி பிறந்தால் முகூர்த்தக் கூட்டம். நரைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் கல்யாணப் பெண்ணின் அம்மா. அவர்கள் கேட்பது அழகு இல்லை. "சம்பந்தி அம்மாவுக்கு என்னைவிட மூணு வயசு கம்மி, போட்டோவுல தெரியக் கூடாது", அவ்வளவுதான். இன்னொரு கூட்டம் வேலை தேடுகிறவர்கள். நாற்பதைத் தாண்டி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையலுக்குப் போகிறவர்கள், வீட்டு வேலைக்கு ஏஜென்சி மூலம் போகிறவர்கள். "கிழவி வேணாம்னு சொல்லிடுவாங்க மேடம்" என்று நேராகவே சொல்வார்கள். அவர்களிடம் போய் "இயற்கையாக இருங்கள்" என்று வகுப்பு எடுக்க எனக்கு வாய் வராது. முன்பெல்லாம் மதியம் இரண்டு மணிக்கு, தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார்கள். இப்போது தைரியமாக வருகிறார்கள்.

2020 ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோதுதான் பலருக்குத் தங்கள் சொந்தத் தலை எப்படி இருக்கும் என்றே தெரிந்தது. திரும்பத் திறந்ததும் பாதிப் பேர் ஓடி வந்தார்கள். சிலர் வரவேயில்லை. வராதவர்களில் ஒருவர் வழியில் பார்த்து, "கோவிச்சுக்காத, தலை லேசா இருக்கு" என்றார்.

இனி வேலை விஷயம். "ஹெர்பல்", "கருப்பு மருதாணி", "அம்மோனியா இல்லாதது" என்று எழுதியிருந்தால் நம்பி வாங்காதீர்கள். அம்மோனியா இல்லை என்றால், ஒவ்வாமை தரக்கூடிய பி.பி.டி. என்கிற ரசாயனம் இல்லை என்று அர்த்தமில்லை. கருப்பு நிறம் நிற்பதற்குப் போடுவது பெரும்பாலும் அந்தப் பி.பி.டி.தான். பெட்டியின் பக்கவாட்டில் எறும்பு எழுத்தில் இருக்கும், பாரா ஃபினிலீன் டைஅமீன் என்று. சுத்தமான மருதாணி எந்த ஜென்மத்திலும் கருப்பு ஆகாது. வெள்ளை முடியில் போட்டால் ஆரஞ்சுதான், அதிகம் போனால் செங்கல் நிறம். கருப்பு வேண்டும் என்றால் மருதாணி போட்டு அலசிய பிறகு, திண்டிவனம் பக்கம் விளைகிற அவுரியின் இலைப் பொடியைத் தனியாகப் போட வேண்டும்.

முதல் நாள் இரவு இரும்புச் சட்டியில் டீ டிகாக்‌ஷனில் மருதாணிப் பொடியைக் குழைத்து மூடி வைக்கிறேன். காலையில் மேலே கருஞ்சிவப்பாக ஆடை கட்டியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத தலையில் அதைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து அலசி, பிறகு அவுரி. அதை முன்கூட்டிக் கரைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, பத்து நிமிடம். கலவை பச்சையாக இருந்து ஓரத்தில் நீலம் பாயும்போது தலைக்குப் போய்விட வேண்டும். அலசினால் முதலில் பாசி படிந்த மாதிரி பச்சை தட்டும், பார்த்துவிட்டு அலறுவார்கள். மறுநாள் தானாகக் கருக்கும். மொத்தம் நாலு மணி நேர வேலை. அதனால்தான் எல்லோரும் பாக்கெட்டுக்குப் போகிறார்கள், நான் குறை சொல்லவில்லை.

விட நினைக்கிறவர்களுக்கு: ஒன்று, கட்டையாக வெட்டிவிடலாம். இல்லை, நடுநடுவே வெளிர் கற்றைகள் போட்டுக் கோடு தெரியாமல் செய்யலாம், செலவு அதிகம். மூன்றாவது என் வாடிக்கையாளர் ஒருவர் கண்டுபிடித்தது. திருத்தணிக்குப் போய் மொட்டை. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆறு மாதத்தில் தும்பைப்பூ மாதிரி தலை. "சாமிக்கு வேண்டுதல், எனக்கு விடுதலை" என்றார்.

கொருக்குப்பேட்டை_கேட் | 2:52

திருத்தணி ஐடியாவுக்கு ஒரு மாலை.

பெரம்பூர்_லோகோ | 3:30

ஆண் குரல் ஒன்றும் இருக்கட்டும். ரயில்வேயில் அறுபதில் ஓய்வு. எங்கள் கேங் வழியனுப்பு விழாப் படத்தைப் பார்த்தால் இருபது மீசையும் ஒரே கம்பெனி கருப்பு. ஆண்களும்தான் அடிக்கிறோம், பெண்களுக்கு மட்டும் கஷ்டம் என்பது சரியில்லை. ஓய்வு பெற்ற மறுநாளே நான் விட்டுவிட்டேன், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம், நரை மனதைப் பொறுத்தது. புறநானூறு 191-இல் பிசிராந்தையார் சொல்கிறார்: இத்தனை வயதாகியும் நரை இல்லையே எப்படி என்று கேட்டால், மனைவி குணவதி, பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர் சொன்னபடி கேட்பவர்கள், அரசன் நல்லவன், ஊரில் சான்றோர் பலர். கவலை இல்லாத இடத்தில் நரை இல்லை.

காசிமேடு_வலை | 3:41

ஐயா, "ஒருவரும் கண்டுகொள்ளவில்லை" என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிக்காகத்தான் நாங்கள் இவ்வளவு நீளம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அதோடு, பிசிராந்தையாருக்கு நரைக்காமல் இருந்தது சரி. அந்தக் குணவதிக்கு நரைத்திருந்ததா என்று யாராவது போய்ப் பார்த்தார்களா?

டோல்கேட்_ஜன்னல் | 3:44

வலை அக்கா, உங்கள் அத்தை லைசென்ஸ் உங்களுக்கும் வந்துவிட்டது.

கொருக்குப்பேட்டை_கேட் | 3:50

அஜித் நரைத்த தலையோடு வந்தபோது ஊரே "சால்ட் அண்ட் பெப்பர்" என்று விசிலடித்தது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் அதைச் சொல்லியே டை காசு மிச்சம் பிடித்தார். அவர் மனைவிக்கு மட்டும் அந்த சால்ட்டும் இல்லை, பெப்பரும் இல்லை, மாதாமாதம் பாக்கெட்தான்.

வியாசர்பாடி_26 | மாலை 5:15

எல்லோரும் ஜாலியாகப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதப்போகிறேன், மன்னிக்கவும்.

எனக்கு 26. பதினேழில், பிளஸ் டூ படிக்கும்போது நரை ஆரம்பித்தது. பின் பெஞ்சுப் பெண் எண்ணிச் சொன்னாள், பதினொன்று என்று. ஊரில் "பித்த நரை" என்றார்கள். பித்தத்துக்குக் கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, நெல்லிக்காய், எல்லாம் பார்த்தாகிவிட்டது. தலையணை உறை பச்சையானதுதான் மிச்சம். நம் ஊர்க்காரர்களுக்கு 25 வயதுக்கு முன் வந்தால் அதை இளநரை என்று எடுத்துக்கொள்வார்களாம். தோல் டாக்டர் தைராய்டு, இரும்புச் சத்து, பி12 எல்லாம் பார்க்கச் சொன்னார். பி12 குறைவாக இருந்தது, ஊசி போட்டுச் சரியாகிவிட்டது. நரை மட்டும் அப்படியேதான். அப்பாவுக்கும் அவருடைய அக்காவுக்கும் இருபதிலேயே வந்ததாம். சொத்துதான் வரவில்லை, இதாவது வந்ததே.

இரண்டு வரன் வந்தன. முதல் வரனிடம் அம்மா மறைத்தார். பூ வைக்க வந்த அந்த வீட்டுப் பெரியம்மா, என் தலையில் மல்லிகையைச் செருகும்போது விரலால் முடியை மெல்லப் பிரித்து வேரைப் பார்த்தார். நான் குனிந்திருந்தேன், எனக்கு அவர் விரல் மட்டும்தான் தெரிந்தது. இரண்டு இடத்தில் பிரித்தார். நாலு நாள் கழித்து "ஜாதகம் பொருந்தவில்லை" என்று தகவல். ஜாதகம் பார்த்து, பொருந்தி, அதற்கப்புறம்தான் பூ வைக்கவே வந்தார்கள்.

நாற்பத்தெட்டில் நரையை விட்டால் தைரியம் என்று ஆபீஸில் கைதட்டுகிறார்கள். இருபத்தாறில் விட்டால் "இந்தப் பொண்ணுக்கு என்ன வியாதி?" என்பார்கள். டோல்கேட் அக்கா மகள் நாலாயிரம் கொடுத்து வாங்கிய கலர், என் தலையில் இலவசமாக இருந்தால் குறை. இரண்டும் ஒரே கலர்தான் அக்கா, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காசு கொடுத்ததற்கு மட்டும் மரியாதை.

ராயபுரம்_ரயிலடி | 5:40

26, அந்தப் பெரியம்மா விரலை நினைத்தால் எனக்கே தலை கூசுகிறது.

எங்கள் வீட்டில் கருப்புச் சாயம் கூடாது என்பார்கள், மருதாணிக்குத் தடை இல்லை. எங்கள் நன்னிக்கு, அதாவது பாட்டிக்கு, எப்போதும் பளீர் ஆரஞ்சுத் தலை. சந்தையில் கூட்டத்தில் தொலைந்தால் அந்தத் தலையைத் தேடித்தான் ஓடுவோம், முக்காடு நழுவும் வரை காத்திருக்க வேண்டும், அதுதான் ஒரே சிக்கல். நரையை மறைக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இருந்ததில்லை. ஆரஞ்சை யார் எதற்கு மறைப்பாகப் போடுவார்கள்? பெருநாளுக்குக் கையில் போட்டது போக மீந்தது தலைக்கு, அவ்வளவுதான். நானும் அதையே தொடர்கிறேன். ஆபீஸில் "காப்பர் ஷேட் நல்லா இருக்கே, எந்தப் பார்லர்?" என்று கேட்கிறார்கள்.

எண்ணூர்_காற்று | இரவு 7:10

லேபில் வேலை. இந்த நேரத்துக்குள் "எண்ணூர்த் தண்ணீரால்தான் நரைக்கிறது" என்று யாராவது சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தேன், ஏமாற்றிவிட்டீர்கள். சொல்லாவிட்டாலும் பதில் எழுதிவிடுகிறேன். உப்புத் தண்ணீரில் முடி நார் மாதிரி ஆகும், நரைக்காது. நிறம் உண்டாவது தோலுக்குள், முடியின் வேர்க்காலில் இருக்கும் மெலனோசைட் செல்களில். வெளியே வந்த முடி உயிரில்லாதது. அந்தச் செல்களுக்குப் புது ஆள் அனுப்பும் ஸ்டெம் செல் தீர்ந்துபோனால் அடுத்து முளைப்பது வெள்ளை. அதே காரணத்தால் மேலே தடவும் எந்த எண்ணெயும் வெள்ளை முடியைத் திரும்பக் கருப்பாக்காது. ஒன்றைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பதும் கதைதான், ஒரு குழியில் என்ன நடக்கிறது என்று பக்கத்துக் குழிக்குத் தெரியாது.

லோகோ ஐயா சொன்ன கவலை விஷயம் முழுக்கத் தப்பு இல்லை. 2020-இல் ஹார்வர்டில் எலிகளை வைத்துக் காட்டினார்கள்: கடும் மன அழுத்தத்தில் நரம்பு நுனிகள் சுரக்கும் நார்அட்ரினலின் அந்த ஸ்டெம் செல்களைக் காலி செய்துவிடுகிறது. மறு வருடம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மனிதர் முடியையே நீளவாக்கில் பார்த்தபோது, சில முடிகள் நடுவில் நரைத்து, மன அழுத்தம் குறைந்த நாட்களில் மறுபடி கருத்திருந்தன. சில முடிகள்தான். யோகா செய்தால் முழுத் தலையும் கருக்கும் என்று இதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். மற்றபடி பெரும்பங்கு பரம்பரைதான், 26 சொன்ன மாதிரி.

பி.பி.டி. பற்றிப் பார்லர் அக்கா சொன்னது மிகச் சரி. அமெரிக்காவின் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006-இல் அதைத்தான் "இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்று அறிவித்தது. பட்டம் கொடுப்பதிலும் எத்தனை விதம் பாருங்கள்.

டோல்கேட்_ஜன்னல் | 9:25

26 எழுதியதைப் படித்த பிறகு பொய் சொல்லிக்கொண்டு உட்கார முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தைரியத்தில் விடவில்லை.

போன ஆடியில், எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்கு முந்தைய ராத்திரி, வழக்கமான பாக்கெட்டை வழக்கம்போல் அடித்தேன். பதினாலு வருடப் பழக்கம், ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. அடிக்கும்போதே காது ஓரம் நமநம என்று இருந்தது. காலையில் கண்ணைத் திறக்கப் பார்த்தால் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் இட்லி மாதிரி. நெற்றி வீங்கி, வகிடு நெடுகக் கொப்புளம், நீர் வடிகிறது.

அம்மா பார்த்தார். ஆடி மாதம், கூழ் ஊற்றும் நாள், முகத்தில் கொப்புளம். "ஆத்தா வந்திருக்கா" என்று முடிவு செய்துவிட்டார். வாசலில் வேப்பிலை கட்டியாகிவிட்டது. என்னைத் தனி அறையில் போட்டு, மோர் கொடுத்து, விளக்கு வைத்து, எதிர் வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். "டைம்மா, டை" என்று நான் உள்ளேயிருந்து கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. அம்மா காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்தார்.

மூன்றாம் நாள் மகள்தான் ஆட்டோவில் போட்டுத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். டை ஒவ்வாமை. எத்தனை வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் ஒரு நாள் திடீரென்று வருமாம், ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த தடவை இன்னும் மோசமாக வருமாம். ஜென்மத்துக்கும் தொடக் கூடாது என்று சீட்டில் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தார். இதுதான் என் துணிச்சலின் கதை. ஆபீஸில் கைதட்டியபோது வாங்கி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

தெருவில் இன்றைக்கும் எனக்கு அம்மை போட்டது என்றுதான் நினைப்பு. அம்மா திருத்தவில்லை. டை என்று சொன்னால் "அப்ப பெரியவங்களும் அடிக்கறாங்களா?" என்று அடுத்த கேள்வி வருமே. இத்தனைக்கும் அப்புறம் போன மாதம், "வேற கம்பெனி வாங்கிப் பாரேன்" என்கிறார். 74 வயதில் எதற்காக இந்தப் பாடு என்பதுதான் எனக்குப் புரியவேயில்லை.

காசிமேடு_வலை | 9:40

ஆத்தா!!! வேப்பிலை கட்டிய இடத்தில் பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

கிண்டல் இருக்கட்டும். அம்மாவிடம் ஏன் என்று நேராகக் கேட்டீர்களா? நாம் எல்லோரும் ஆளுக்கு ஒரு காரணம் எழுதிவிட்டோம். அவர் காரணத்தை யாரும் கேட்கவில்லை.

கொடுங்கையூர்_பார்லர் | 9:58

கேளுங்கள். அதற்கு முன் ஒன்று: உங்களுக்கு இப்படி வந்திருக்கிறது, அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்த்துவிட்டு அடியுங்கள். பத்தொன்பது வருடத்தில் என் பேச்சைக் கேட்டு இதைச் செய்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். 26, நீங்கள் ஒரு மதியம் வாருங்கள், உங்களுக்கு அவுரி போட்டுவிடுகிறேன், காசு வேண்டாம்.

வியாசர்பாடி_26 | 10:15

வருகிறேன் அக்கா. ஆனால் நாலு மணி நேரம் உட்கார வைத்து வரன் பற்றிப் பேசக் கூடாது.

டோல்கேட்_ஜன்னல் | அடுத்த ஞாயிறு, மதியம் 12:30

ஒரு வாரம் கழித்து வருகிறேன். கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அம்மாவின் காதுக்குப் பின்னால் மகள் பொட்டு வைத்தாள். "திருஷ்டிப் பொட்டா?" என்றார். இன்று காலை வரை ஒன்றுமில்லை. மொட்டை மாடியில் பிளாஸ்டிக் ஸ்டூல், தோளில் பழைய துண்டு, காதைச் சுற்றி வாஸ்லின். நான் தொடக் கூடாதே, அதனால் மகள்தான் கை உறை மாட்டிக்கொண்டு பழைய டூத்பிரஷ்ஷால் அடித்தாள். நான் எட்ட நின்று "பின்னால விட்டுட்ட பாரு" என்று மேஸ்திரி வேலை. அம்மாவின் பிடரியில் ஒரு தழும்பு உண்டு, அதைச் சுற்றிய முடி மட்டும் டை ஏறாமல் வெள்ளையாகவே நிற்கும். இத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் கேட்டேன், எதற்கும்மா இந்த வயதில் என்று.

"சீட்டு" என்றார்.

அம்மா முப்பது வருடமாக ஏலச்சீட்டு நடத்துகிறார். இருபது பேர், இருபது மாதம், மாதம் ஐயாயிரம். பூ விற்கிறவர், இட்லிக்கடை, அயர்ன் வண்டிக்காரர் என்று எல்லாம் தெரு ஆட்கள். "இருவது மாசம் துட்டு கட்டறவன் என் மூஞ்சியவா பாப்பான்? மண்டையத்தான் பாப்பான். கெய்வி நடுவுல மண்டையப் போட்டுட்டா துட்டு எவன் குடுப்பான்னு யோசிக்க மாட்டான்?" இதில் நானும் நரைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால், அவர் வயது மட்டும் இல்லை, சீட்டே ஆட்டம் காணுமாம். "உனுக்கு மாசச் சம்பளம், உன் தல எப்படி இருந்தா இன்னா" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்தச் சீட்டுப் பணத்தில்தான் என்னை பி.காம். படிக்க வைத்தார்.

மகள் பிரஷ்ஷை நிறுத்திவிட்டாள். அம்மா அவளுடைய சாம்பல் கற்றையைத் தூக்கிப் பார்த்து, "இத்துக்கு எவ்ளோ குடுத்த?" என்றார். நாலாயிரம் என்றதும், "நாலாயிரமா! கிட்டத்தட்ட ஒரு மாசச் சீட்டு போச்சேடி."

காசிமேடு_வலை | 12:48

ஏலத்துக்கு நரை, ஏலச்சீட்டுக்கு டை. சரிதான். அத்தை இருந்திருந்தால் உங்கள் அம்மாவிடம் ஒரு சீட்டு போட்டிருப்பார்.

நடக்கிற சீட்டு முடிந்ததும் விட்டுவிடுவாரா?

டோல்கேட்_ஜன்னல் | 12:55

அதையும் கேட்டேன். இது ஏழாவது மாதம், இன்னும் பதிமூன்று இருக்கிறது. அடுத்த சீட்டுக்கு இப்போதே ஆறு பேர் பெயர் கொடுத்துவிட்டார்களாம். ஆறாவது பெயர் என் மகள்.